ஏற்காட்டில் பேஸ்போர்டு ஹீட்டர்: சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும்?

நாகலூர் சாலை
வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில் எங்கள் வீடு. அப்பா, அம்மா இருவருமே எழுபதைத் தாண்டியவர்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் 12, 13 டிகிரிக்கு இறங்கும்போது அப்பாவுக்கு மூட்டுவலியும் இருமலும் சேர்ந்துகொள்கின்றன. கனடாவில் இருக்கும் அண்ணன், கப்பலில் அனுப்பிய சாமான்களோடு இரண்டு பேஸ்போர்டு ஹீட்டரும் அனுப்பியிருக்கிறார். சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் போல ஒட்டி நீளமாக இருக்கும் வகை. ஒவ்வொன்றும் 6 அடி நீளம், 1500 வாட், 240 வோல்ட்.

இப்போது அப்பாவின் அறையைப் புதுப்பிக்கிறோம். வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே ஹீட்டரைப் பொருத்தச் சொல்கிறார் அண்ணன். வெறும் தகரமாகத் தெரிந்தால் நன்றாக இருக்காது, சில்வர் ஓக் பலகையில் ஒரு கூடு அடித்து முன்பக்கம் மட்டும் ஜாலி வைத்துத் தருகிறேன் என்கிறார் ஆசாரி. மேல் பலகையில் அப்பா மருந்து, மூக்குக் கண்ணாடி எல்லாம் வைத்துக்கொள்ளலாம். கட்டிலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. ஜன்னலில் தரை வரை தொங்கும் திரை. இவற்றுக்கெல்லாம் ஹீட்டரிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும்? அந்தக் கூட்டை அடிக்கலாமா?

பகோடா பாயின்ட் விடுதி
ஏற்காட்டில் விடுதி நடத்துகிறேன். சக்கரம் வைத்த ஆயில் ஹீட்டர் போதுமே? வேண்டிய இடத்துக்கு உருட்டிக்கொண்டு போகலாம், வெயில் காலத்தில் பரணில் ஏற்றிவிடலாம். சுவரில் ஆணி அடித்து வைத்தால் மே மாதத்திலும் அது அங்கேயேதான் கிடக்கும். இன்னொன்று, உங்கள் அறைக்கு மேலே ஓடா, தளமா? பழைய பங்களா மாதிரி மங்களூர் ஓடு என்றால், என்ன ஹீட்டர் வைத்தாலும் சூடு ஓட்டிடுக்கு வழியாகப் போய்விடும்.

நாகலூர் சாலை
தளம்தான் ஐயா. முன்பக்கம் ஓட்டு வீடு, அப்பாவின் அறை பிறகு சேர்த்துக் கட்டியது. கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருக்கிறது. ஆயில் ஹீட்டர் ஒன்று முன்பே வைத்திருந்தோம். அப்பா இரவில் எழும்போது அதன் வயரில் கால் தடுக்குகிறது. அதனால்தான் சுவரோடு போகும் ஹீட்டர்.

எட்மன்டனில் ஒரு அம்மாபேட்டைக்காரன்
சேலம் அம்மாபேட்டையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது குடும்பத்தோடு எட்மன்டனில் இருக்கிறேன். இங்கே பழைய அடுக்குமாடிகளில் இந்த மாதிரி ஹீட்டரைப் பார்க்கலாம். உங்கள் அண்ணன் சொன்ன இடம் சரி. ஜன்னல் கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று கனமாகித் தரைக்கு இறங்கும். அது கால் பக்கம் வந்து சேருமுன் ஹீட்டர் அதை இழுத்துச் சூடாக்கி மேலே அனுப்ப வேண்டும் என்பதுதான் ஜன்னலுக்கடியில் வைப்பதன் நோக்கம்.

இதில் விசிறி கிடையாது. கீழ்ப்பக்கம் தரைக்கு அருகில் ஒரு நீள இடைவெளி, முன்பக்கம் மேல் ஓரத்தில் இன்னொரு நீள இடைவெளி. உள்ளே கரண்டில் சூடாகும் ஒரு காயில், அதில் வரிசையாக மெல்லிய அலுமினியத் தகடுகள். கீழே நுழையும் குளிர் காற்று தகடுகளுக்கு இடையே ஏறி மேலே வெளியேறும். காற்று நடமாட்டம் இருந்தால்தான் அது ஹீட்டர். நின்றுவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும், காயில் நீளத்துக்கும் ஓடுகிற பாதுகாப்பு கட்-ஆஃப் கரண்டை வெட்டிவிடும். ஆறியதும் திரும்ப ஓடும், திரும்ப வெட்டும். டிக் டிக் என்று சத்தம் வரும், அறை மட்டும் சூடாகாது.

அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹீட்டரோடு வந்த கையேட்டில் போட்டிருப்பதே இறுதி. பொதுவாகக் கட்டில், நாற்காலி போன்றவற்றுக்கு முன்பக்கம் 6 முதல் 12 அங்குலம் வரை கேட்பார்கள். நான் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்: முழுதாக ஒரு அடி. திரையைத் தரை வரை விடாதீர்கள், ஜன்னலின் அடிக்கட்டையோடு வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். ஹீட்டருக்கு நேர் மேலே ப்ளக் பாயின்ட் கூடாது என்று கையேடுகளிலேயே இருக்கும். அங்கே செருகிய வயர் சூடான வாய் மேல் தொங்கும், அதன் உறை இளகிவிடும்.

கூடு வேண்டவே வேண்டாம். ஹீட்டரின் தகரம்தான் அதன் கூடு. அந்தத் தகரத்தின் வளைவும் இரண்டு வாய்களும் காற்றுக்காக அளந்து செய்தவை. அதன்மேல் இன்னொரு பெட்டி வைத்தால் அந்த அளவெல்லாம் போய்விடும்.

செம்மநத்தம் காப்பி
நாகலூர் சாலை தம்பி, உங்கள் அப்பா வயதில் எங்கள் மாமனார் இருக்கிறார், அதனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நம் மலையில் ஹீட்டரை அடைப்பது திரையோ கட்டிலோ மட்டும் இல்லை. ஈரத் துணி. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியுமாக வாரக்கணக்கில் துணி காயாது. சூடாக ஒரு இடம் வீட்டில் வந்துவிட்டால் சாக்ஸ், துண்டு, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை எல்லாம் அதன்மேல் ஏறிவிடும். முதலிலேயே துணி காயப்போட வேறு ஏற்பாடு செய்துவிடுங்கள், இல்லையென்றால் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது சாக்கு. காப்பி பறிப்பும் குளிரும் ஒரே சமயத்தில்தான் வருகின்றன. களத்தில் காய்ந்ததை மழைக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கிப் போடுவோம், சூடான சுவர்ப் பக்கம் அடுக்கினால் ஈரம் ஏறாது என்று தோன்றும். சணல் சாக்கு நெருப்புக்கு எவ்வளவு அருமையான தீனி என்று சொல்ல வேண்டியதில்லை.

அஸ்தம்பட்டி வயரிங்
சேலத்திலும் மேலே ஏற்காட்டிலும் வயரிங் வேலை செய்கிறேன். காற்றைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், கரண்ட் பற்றி நான் சொல்கிறேன்.

240 வோல்ட்டில் 1500 வாட் தரும் ஹீட்டர் நம் 230 வோல்ட்டில் சுமார் 1380 வாட்தான் தரும். கனடா கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஹெர்ட்ஸ். காயிலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. ஆனால் அதோடு வந்த தெர்மோஸ்டாட் (அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு நிறுத்துவது) எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இங்கே கிடைக்கும் ஒன்றை மாட்டுங்கள். ஒரு ஹீட்டர் 6 ஆம்ப் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 12. சாதாரண 6 ஆம்ப் ப்ளக்கில் ஒன்றைக்கூட மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 ஸ்கொயர் செம்பு வயர், 16 ஆம்ப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), அறைக்குள் கைக்கு எட்டும் இடத்தில் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் சுவிட்ச். எர்த் கட்டாயம். ஹீட்டர் உடம்பு முழுக்கத் தகரம், உங்கள் அப்பா கை ஊன்றுகிற உயரத்தில் இருக்கிறது.

கனடாவில் 240 வோல்ட் என்றால் இரண்டு வயரிலும் கரண்ட் இருக்கும். இங்கே ஒன்று பேஸ் (கரண்ட் உள்ள வயர்), ஒன்று நியூட்ரல். தெர்மோஸ்டாட் ஒரு வயரை மட்டும் வெட்டும் வகை என்றால் அது பேஸைத்தான் வெட்ட வேண்டும். மாறிப்போனால் ஹீட்டர் நின்ற பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும். ஆள் வைத்துச் செய்யும்போது பக்கத்தில் நின்று டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேலே சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் இடங்கள் உண்டு. 200 வோல்ட் வந்தால் இதே ஹீட்டர் 1040 வாட்தான் தரும். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று கூப்பிடுவார்கள், போய்ப் பார்த்தால் வோல்டேஜ் இருக்காது.

தச்சுப்பட்டறை, சேலம்
ஆசாரி தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. கூடே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. பழைய பங்களாக்களில் எத்தனையோ இடத்தில் மரச் சட்டத்துக்குள் ஹீட்டர் இருக்கிறது. முன்பக்கம் முழுக்க ஜாலி வைத்தால் காற்று போய் வரத்தானே போகிறது?

எட்மன்டனில் ஒரு அம்மாபேட்டைக்காரன்
அண்ணா, ஜாலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலே பலகை மூடியிருக்கிறது. மேல் வாயில் வரும் சூடு பலகையில் முட்டி அங்கேயே தேங்கும். ஜாலியின் மேல் பாதி வழியாகக் கொஞ்சம் வெளியே வரும், மீதி சுற்றிக்கொண்டு திரும்பவும் கீழ் வாய்க்கே போகும். ஏற்கெனவே சூடான காற்றைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கட்-ஆஃப்தான் வெட்டும்.

இயற்பியல் டீச்சர்
இங்கே ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கூடு அடித்த வீடுகளில் இரண்டு விதமான புகார் வரும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றும். ஒருவர் "ஹீட்டர் நிற்கவே இல்லை, பில் ஏறுகிறது" என்பார். இன்னொருவர் "உடனே நின்றுவிடுகிறது, அறை சூடாகவே இல்லை" என்பார். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். எதிர்ச்சுவரில் இருந்தால், அங்கே சூடு வந்து சேராததால் ஓடு ஓடு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹீட்டரின் ஓரத்திலேயே பொருத்திய வகையானால், கூட்டுக்குள் தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே நிறுத்திவிடும். அதனால் இரண்டு புகாருக்கும் மருந்து ஒன்றுதான், காற்று வழியைத் திறப்பது.

அடைபட்ட சூடு எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு யூனிட்டும் சூடாகத்தான் மாறுகிறது, எதுவும் மறைந்துவிடாது. ஆனால் கூட்டுக்குள் நிற்கும் சூடு பின்னால் இருக்கும் வெளிச்சுவருக்கு ஏறி, அதன் வழியாக வெளியே போய்விடும். தரை வரை தொங்கும் திரையும் அப்படித்தான். சூடான காற்று திரைக்குப் பின்னால் ஏறி ஜன்னல் கண்ணாடியைச் சூடாக்கும். அப்பா திரைக்கு இந்தப் பக்கம் குளிரில் படுத்திருப்பார். உங்கள் காசில் தோட்டத்தைச் சூடாக்குவதில் அர்த்தமில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் தொடர்ந்து சூடு பட்ட மரம் காய்ந்து, கருத்து, புதுப் பலகையைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடியதாக மாறும். முதல் இரண்டு குளிர்காலம் ஒன்றும் ஆகவில்லை என்பது அதன் பிறகும் ஆகாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தச்சுப்பட்டறை, சேலம்
டீச்சர் சொல்வது புரிகிறது. அப்படியானால் ஹீட்டரைத் தொடாமல் வேறு வழி பார்க்கலாம். ஹீட்டரின் இரண்டு பக்கமும் ஓர் அடி தள்ளி, சுவரோடு உயரமான குறுகிய அலமாரி ஒவ்வொன்று. நடுவில் ஜன்னலும் ஹீட்டரும் திறந்த மாடம் மாதிரி நிற்கும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும், மருந்து வைக்க இடமும் கிடைக்கும். மேலே குறுக்குப் பலகை கிடையாது. அலமாரியின் பின்பக்கத்தையும் சுவரோடு ஒட்ட மாட்டோம்.

செம்மநத்தம் காப்பி
அந்தக் கடைசி வரி மிக முக்கியம் ஆசாரியாரே. ஏற்காட்டில் வெளிச்சுவரோடு ஒட்டி பீரோ வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பின்னால் பூஞ்சை பிடித்துவிடும், பட்டுப்புடவை எல்லாம் வாசம் வந்துவிடும். ஹீட்டருக்கு மட்டும் இல்லை, சாதாரணமாகவே இந்த மலையில் வெளிச்சுவருக்கும் சாமான்களுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட வேண்டும்.

பகோடா பாயின்ட் விடுதி
இதை நான் வழிமொழிகிறேன். ஆனால் ஹீட்டர் வைத்தால் ஈரம் போய்விடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். போகுமா டீச்சர்?

இயற்பியல் டீச்சர்
ஈரம் வெளியே போகாது, ஆனால் நிலைமை மாறும். 12 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் உள்ள காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு அருகில் வரும். காற்றில் உள்ள நீராவி அதே அளவுதான், ஆனால் சூடான காற்றால் இன்னும் தாங்க முடியும் என்பதால் சுவரும் துணியும் காய ஆரம்பிக்கும். சூடு போய்ச் சேராத மூலையில், பீரோவுக்குப் பின்னால், சுவர் குளிர்ந்தே இருக்கும். அந்த ஈரமெல்லாம் அங்கே போய்ப் படியும். அறைக்குள் துணி காயப்போட்டால் இன்னும் மோசம். பகலில் வெயில் வரும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து ஈரக் காற்றை வெளியே அனுப்ப வேண்டும்.

வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடலாம் என்று இதற்குள் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். மின் ஹீட்டர் பிராணவாயுவை எரிப்பதில்லை, அதனால் அதை மட்டும் வைத்துச் சொல்வதானால் ஆபத்தில்லை. ஆனால் கரண்ட் போன இரவில் யாராவது கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு அதே அறைக்குள் கொண்டுவருவார்கள். கரி புகையாமலே கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு வாசமே கிடையாது. மலை ஊர்களில் அறையைச் சாத்திக்கொண்டு கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருக்கிறோம். தயவுசெய்து வென்டிலேட்டரை அடைக்காதீர்கள், கரியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். கரண்ட் இல்லாத இரவுக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

நாகலூர் சாலை
எல்லோருக்கும் நன்றி. கூடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம், ஆசாரியிடமும் பேசிவிட்டேன். இரண்டு கேள்வி மிச்சம். ஒரு அடி தள்ளினால் கட்டில் அறைக்கு நடுவில் வந்துவிடுகிறது. அப்பா சுவரில் கை வைத்து எழுந்து பழகியவர். என்ன செய்யலாம்? கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

எட்மன்டனில் ஒரு அம்மாபேட்டைக்காரன்
கட்டிலை ஹீட்டர் சுவரிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். உள் அறையோடு பொதுவாக இருக்கும் சுவர் ஏதாவது இருக்கிறதா? அதை ஒட்டிப் போடுங்கள். அந்தச் சுவர் வெளிச்சுவர் அளவுக்குக் குளிராது, அப்பா கை ஊன்றவும் ஆகும். ஒரு அடி என்பது கட்டில் சட்டத்துக்குத்தான் கணக்கு. தூக்கத்தில் சரியும் போர்வைக்கு ஒரு அடியெல்லாம் ஒன்றுமே இல்லை. வயதானவர் படுக்கும் அறையில் போர்வை எட்டாத தூரத்தில் ஹீட்டர் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் அந்தச் சக்கர ஆயில் ஹீட்டரை எங்காவது பயன்படுத்தினால் அதற்கு இன்னும் அதிகம். நகர்த்தும் வகை ஹீட்டருக்குச் சுற்றிலும் 3 அடிக்குள் துணி, காகிதம், மெத்தை எதுவும் கூடாது என்பது வட அமெரிக்காவில் தீயணைப்புக்காரர்கள் எப்போதும் சொல்வது.

தரையில் ஜமுக்காளமோ கார்ப்பெட்டோ விரிப்பீர்களா? ஹீட்டருக்குக் கீழே நுழையவிடாதீர்கள். பொருத்திய பிறகு விரிக்கும் கனமான கார்ப்பெட் கீழ் வாயை அடைத்துவிடும், மேலேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

அஸ்தம்பட்டி வயரிங்
பில் கணக்கு: ஒரு ஹீட்டர், இரவில் 5 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 6.9 யூனிட். இரண்டு மாதத்துக்கு 414 யூனிட். தெர்மோஸ்டாட் நடுவில் நிறுத்தினால் குறையும். வீட்டில் மற்ற செலவையும் சேர்த்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும், அப்போது பில் திடீரென்று எகிறிவிட்டது போல இருக்கும். அதனால் முதலில் ஒரு ஹீட்டரை மட்டும் மாட்டிப் பாருங்கள். அறை எத்தனை சதுர அடி?

நாகலூர் சாலை
பத்துக்குப் பன்னிரண்டு.

எட்மன்டனில் ஒரு அம்மாபேட்டைக்காரன்
120 சதுர அடி. வட அமெரிக்காவில் தோராயமாகச் சதுர அடிக்கு 10 வாட் என்று வைப்பார்கள், அதாவது 1200 வாட். இங்கே சுவருக்குள் பஞ்சு வைத்து அடைத்த வீடு, ஆனால் வெளியே மைனஸ் 30. உங்களுக்குச் சுவர் மொட்டை, ஆனால் 12 டிகிரிதான். காற்று வழி சரியாக இருந்தால் ஒன்றே தாராளம். இரண்டாவதை அம்மா உட்காரும் கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செம்மநத்தம் காப்பி
காற்று சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹீட்டர் சூடேறிய பிறகு கீழ் வாய்க்கு அருகில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேல் வாய் வழியாக ஏற வேண்டும். எந்த இடத்தில் இழுக்காமல் நிற்கிறதோ அங்கே ஏதோ அடைத்திருக்கிறது. 6 அடி நீளத்துக்கும் நகர்த்திப் பாருங்கள், ஒரு ஓரம் மட்டும் அடைபட்டிருப்பது அப்படித்தான் தெரியும்.

அஸ்தம்பட்டி வயரிங்
நல்ல யோசனை அக்கா. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நம் மலையில் சூடான பெட்டி என்றால் பல்லி, எறும்பு, கரப்பான் எல்லாம் குடியேறும். எட்டு மாதம் சும்மா கிடந்த ஹீட்டரைக் குளிர் வந்ததும் அப்படியே போட்டால் தூசியும் பூச்சியும் கருகி நாறும். ஐப்பசி தொடங்கும்போது சுவிட்சையும் எம்சிபியையும் அணைத்துவிட்டு, முன் தகட்டைக் கழற்றி, வேக்குவம் கிளீனர் அல்லது மெல்லிய பெயின்ட் பிரஷ் வைத்துத் தகடுகளுக்கு நடுவே தூசி எடுங்கள். தகடுகளை வளைத்துவிடக் கூடாது, வளைந்தால் அந்த இடத்தில் காற்று போகாது. ஈரத் துணி வைத்துத் துடைக்காதீர்கள்.

நாகலூர் சாலை
அப்படியே செய்கிறோம். அப்பாவின் கட்டில் உள் சுவருக்குப் போகிறது, திரையை அம்மா இன்றே பிரித்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். அலமாரி இரண்டு பக்கமும், பின்னால் நாலு விரல் இடம் விட்டு. புது ஹீட்டர் என்பதால் முதல் தடவை ஏதாவது செய்ய வேண்டுமா?

எட்மன்டனில் ஒரு அம்மாபேட்டைக்காரன்
தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து முதல் தடவை வாசம் வரும், லேசாகப் புகையும் தெரியலாம். பகலில், ஜன்னல் எல்லாம் திறந்து, அப்பாவை வேறு அறையில் உட்காரவைத்துவிட்டு முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வாசம் நின்ற பிறகு இரவுக்குப் போடலாம். இரண்டாவது நாளும் கருகல் வாசம் வந்தால் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.